நிற்காமல் மாறுதல்: மெகா பிளாக் முதல் முன்பதிவு வழங்கிகள் வரை

முலுண்டில் வளர்ந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு 'மெகா பிளாக்' என்றும் ஒரு பெயருண்டு. மாட்டுங்காவுக்கும் முலுண்டுக்கும் இடையே மெதுவண்டித் தடத்தில் பராமரிப்புப் பணி என்று முந்திய நாளே அறிவிப்பு வந்துவிடும். முற்பகலில் தொடங்கிப் பிற்பகல் வரை மெதுவண்டிகளை விரைவுத் தடத்தில் திருப்பிவிடுவார்கள். நாஹூரிலும் காஞ்சூர்மார்க்கிலும் வண்டி நிற்காது. மாட்டுங்காவுக்குக் கோயிலுக்கோ தாராவிக்கு உறவினர் வீட்டுக்கோ புறப்பட்டவர்கள் முணுமுணுத்துக்கொண்டே காத்திருப்பார்கள். மாலையில் எல்லாம் வழக்கம்போல் ஓடும். மறுநாள் காலை 8 மணி வண்டியில் தொங்கிக்கொண்டு செல்பவர் எவரும், நேற்றுத் தம் தலைக்கு மேலிருந்த கம்பி மாற்றப்பட்டதை நினைத்துப் பார்ப்பதில்லை.

மும்பைத் தமிழரின் பேச்சுவழக்குகளை ஆராயும் எனக்கு இந்த மெகா பிளாக்கைப் பற்றி எழுதவேண்டிய தேவை இவ்வாண்டு எதிர்பாராத வகையில் வந்தது. எங்கள் துறைக்கு முன்னோடியான ஆய்வாளர் ஒருவர், ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு முன் தாராவி, செம்பூர், மாட்டுங்கா ஆகிய இடங்களில் ஒலிப்பதிவு செய்த உரையாடல்களை எழுத்துப்பெயர்த்துக் கணினியில் சேமித்திருந்தார். அக்கோப்புகள் ஒரு நிறுவனத்தின் பழைய சர்வரில், நாம் தமிழில் வழங்கி என்று சொல்வதில், இருந்தன. அந்த வழங்கிக்கு அகவை முதிர்ந்துவிட்டது. புதிய இயந்திரம் வந்தது. ஒன்று பழுதானால் மற்றொன்று பொறுப்பேற்கும்படி இரட்டையாகவே வாங்கியிருந்தார்கள். ஓர் இரவில் எல்லாவற்றையும் படியெடுத்து மாற்றினார்கள். எண்ணிக்கை சரிபார்க்கப்பட்டது, ஒவ்வொரு கோப்பும் பைட்டுக்குப் பைட்டு ஒத்திருந்தது. அன்று மாலையே பழைய இயந்திரத்தை அணைத்துப் பழைய பொருள்களோடு அனுப்பிவிட்டார்கள்.

மறுவாரம் நான் கோப்புகளைத் திறந்தபோது, திரையில் உச்சிக்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் நாணயக் குறிகளும் நிறைந்திருந்தன. ஒன்றும் தொலையவில்லை, எதையும் படிக்க முடியவில்லை.

இதற்குக் காரணம் துறையில் உள்ளவர்களுக்குத் தெரியும். யூனிக்கோடு பரவும் முன்னர்த் தமிழ் எழுத்துகள் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்ட எண்களில் சேமிக்கப்பட்டன. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியீடுகள் வகுக்கப்பட்ட பின்னரும் அவரவர் எழுத்துரு அவரவரிடம் இருந்தது. பழைய வழங்கியில் அந்த எழுத்துரு நிறுவப்பட்டிருந்தது. அது கோப்பு அன்று. ஆகவே எவருடைய பட்டியலிலும் அது இல்லை. பொருள் இடம்பெயர்ந்தது, பொருளைப் படிக்கும் அறிவு இடம்பெயரவில்லை.

நிற்கவே கூடாத ஓர் அமைப்பை எவ்வாறு புதிய அமைப்புக்கு மாற்றுகிறார்கள் என்ற கேள்வி அன்று என்னைப் பிடித்துக்கொண்டது. விடையை நான் தேடிச் சென்ற இடம் எனக்கு மிக அருகிலேயே இருந்தது.

1

1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணே வரை ஓடிய வண்டி, இந்தியாவின் முதல் பயணிகள் வண்டி என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். முலுண்ட் அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா முனையத்துக்கும் குர்லாவுக்கும் இடையே மின்வண்டி ஓடத் தொடங்கியது. அன்றைய தொழில்நுட்பத்துக்கு ஏற்ப 1500 வோல்ட் நேர்மின்னோட்டம் பயன்பட்டது. பின்னர் இந்திய ரயில்வே நாடெங்கும் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்தைத் தரமாக ஏற்றுக்கொண்டது. முன்னதாகவே மின்மயமானதால் மும்பை பழைய முறையிலேயே தங்கிவிட்டது. முந்தித் தொடங்கியவர்கள் பிந்தி மாறவேண்டியிருப்பது தொழில்நுட்ப வரலாற்றில் அடிக்கடி காணும் முரண்.

மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோது, நாள்தோறும் பல இலட்சம் பேர் ஏறி இறங்கும் தடத்தை மூடிவைக்க வழியில்லை. இருவகை மின்னோட்டத்திலும் ஓடக்கூடிய வண்டிகளே தீர்வாயின. சென்னை பெரம்பூரின் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவாகி, சீமென்ஸ் மின்கருவிகள் பொருத்தப்பட்ட இருமின்னோட்ட வண்டிகள் 2007 முதல் மும்பைக்கு வரத் தொடங்கின. கம்பி எந்த மின்னோட்டத்தில் இருந்தாலும் வண்டி ஓடும் என்ற நிலை உருவான பிறகே கம்பியை மாற்ற இயன்றது. கல்யாண் பக்கத்திலிருந்து பகுதி பகுதியாக நகர்ந்த மாற்றம் 2015இன் நடுவில் மத்திய ரயில்வேயின் முதன்மைத் தடத்தில் நிறைவுற்றது. 2016 ஏப்ரலில் துறைமுகத் தடத்தில் கடைசி நேர்மின்னோட்ட வண்டி ஓடி முடிந்தது.

வரலாற்றுக் குறிப்புகளில் கடைசி நாளுக்கே இடம் கிடைக்கிறது. உண்மையான வரலாறு அதற்கு முந்திய ஆண்டுகளில் இருக்கிறது. அப்போது பழைய கம்பியும் புதிய கம்பியும் ஒரே தடத்தில் அடுத்தடுத்து இருந்தன. இரண்டையும் புரிந்துகொள்ளும் ஒரு வண்டி இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. மொழியியலில் இதனை இருமொழியக் காலம் என்போம். ஒரு சமூகம் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு ஒரே நாளில் மாறுவதில்லை. இரண்டையும் பேசும் ஒரு தலைமுறை நடுவில் நிற்கிறது. அந்தத் தலைமுறை இல்லாவிட்டால் பாட்டியின் கதை பேத்திக்குச் சென்றுசேராது.

2

கம்பியைவிட மும்பைத் தமிழரின் வாழ்வில் நெருங்கிய இடம் பெற்ற வேறோர் அமைப்பு உண்டு. அது ரயில் முன்பதிவு.

தாராவியில் நான் சந்தித்த, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்த அண்ணாச்சி ஒருவர், ஊர்ப் பயணத்தைப் பற்றிக் கேட்டபோது முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லவில்லை. "டிக்கெட்டு கையில வந்துட்டுன்னா பாதி ஊருக்குப் போயாச்சுன்னு அர்த்தம், தம்பி" என்றார். அந்த 'வந்துட்டு' என்ற வடிவத்துக்காகவே நான் அந்தப் பதிவைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இப்போது அதன் பொருளுக்காகவும் கேட்கிறேன். வண்டிக்கும் தேதிக்கும் தனித்தனிப் பதிவேடுகள் இருந்த காலம் அவருடைய இளமைக்காலம். எந்த வண்டிக்கு எந்தச் சாளரம் என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள் இரவே வரிசையில் துண்டு போட்டு இடம்பிடிக்க வேண்டும். பொங்கலுக்கும் பங்குனி உத்திரத்துக்கும் ஊருக்குப் போவது அந்தப் பதிவேட்டின் ஒரு வரியைப் பொறுத்திருந்தது.

1985இல் புதுதில்லியில் கணினிவழி முன்பதிவு வெள்ளோட்டமாகத் தொடங்கியது. அரசுத்துறை நிறுவனமாக இருந்த சி.எம்.சி. உருவாக்கிய இம்ப்ரெஸ் என்ற மென்பொருள் அதனை இயக்கியது. 1986இல் ரயில்வேயின் தகவல்தொழில்நுட்பப் பணிகளுக்கெனக் கிரிஸ் என்ற அமைப்பு நிறுவப்பட்டது. தொடர்ந்து மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களிலும் முன்பதிவு கணினிமயமானது. பதிவேடு போய்த் திரை வந்தது. எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் சீட்டு வாங்கலாம் என்றாயிற்று. ஆனால் ஒவ்வொரு மையமும் தன் தரவுத்தளத்தோடு தனித்து நின்றது. மும்பையிலிருந்து ஊருக்குப் போகும் சீட்டு இங்கே கிடைக்கும். ஊரிலிருந்து திரும்பும் சீட்டு வேறொரு மையத்தின் பொறுப்பு. இரண்டுக்கும் இடையில் மனிதரே பாலமாக இருக்கவேண்டியிருந்தது.

கிரிஸ் 1990களின் நடுவில் உருவாக்கிய கான்சர்ட் என்ற மென்பொருள் இந்தச் சுவரை நீக்கியது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் ஒரே வலைப்பின்னலாயின. எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் சீட்டு வாங்க முடிந்தது. திரும்பும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகும் அனுபவம் புலம்பெயர்ந்த உழைப்பாளிக்கு அப்போதுதான் எளிதாகக் கிட்டியது. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப முடியுமா என்ற அச்சம் குறைந்ததை அண்ணாச்சி போன்றோர் இன்றும் நினைவுகூர்கிறார்கள். 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையவழி விற்பனையைத் தொடங்கியபோது, அதன் பின்னணியில் இருக்கைகளைக் காத்துவந்தது இதே முன்பதிவு அமைப்புத்தான்.

இந்த நாற்பதாண்டுகளில் மென்பொருள் மாறியது. இயந்திரம் வாக்ஸிலிருந்து ஆல்ஃபாவுக்கும், ஆல்ஃபாவிலிருந்து இட்டானியத்துக்கும் மாறியது. ஆயினும் எந்த ஆண்டிலும் தீபாவளிக்கு முன்பதிவு கிடையாது என்று அறிவிக்கப்படவில்லை. இது எவ்வாறு இயன்றது என்பதுதான் நமக்குரிய வரலாற்றுக் கேள்வி.

3

விடையின் ஒரு பகுதி, 1983இல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் அறிமுகப்படுத்திய வாக்ஸ் கொத்தணி என்ற கருத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் கிளஸ்டர் எனப்படுவதைத் தமிழ்க் கணிமை எழுத்துகளில் கொத்து என்றும் கொத்தணி என்றும் சொல்கிறோம். பல கணினிகள் ஒரே வட்டுகளைப் பகிர்ந்துகொண்டு, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே கணினிபோலத் தோன்றும் ஏற்பாடு அது. ஒன்று விழுந்தால் மற்றவை அதன் பணியை ஏற்கும். இதனைக் கைக்கொண்ட இயக்குதளம் விஎம்எஸ். பின்னாளில் ஓபன்விஎம்எஸ் எனப் பெயர் மாறியது.

இரண்டு நுட்பங்களை மட்டும் இங்கு விளக்குகிறேன்.

முதலாவது பூட்டு. சி.எஸ்.எம்.டி.யிலிருந்து நாகர்கோவில் செல்லும் விரைவுவண்டியின் ஒரு பெட்டியில் ஒரே ஒரு கீழ்ப்படுக்கை எஞ்சியிருக்கிறது என்று கொள்வோம். முலுண்ட் சாளரத்தில் ஒருவரும் செம்பூரில் ஒருவரும் அதே நொடியில் அதைக் கேட்கிறார்கள். இருவரின் வேண்டுகோளும் கொத்தணியின் இரு வேறு கணினிகளுக்குச் சென்றாலும், படுக்கை ஒருவருக்குத்தான் கிடைக்கவேண்டும். ஆகவே ஒரு கணினி அந்தப் பதிவைத் தொடும்போது மற்றவை தொடாதபடி கொத்தணி முழுவதற்கும் பொதுவான பூட்டு ஒன்று இடப்படுகிறது. வரிசையில் நிற்பவர்களுக்கு இது தெரியாது. ஆனால் ஒரே படுக்கைக்கு இருவர் சீட்டோடு வந்து சண்டையிடாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, நம் சட்டமன்றமும் ஊராட்சியும் நன்கறிந்த குறைவெண். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் இருக்கவேண்டும் என்ற அதே விதி கொத்தணிக்கும் உண்டு. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வாக்கு. மொத்த வாக்கோடு 2 கூட்டி, இரண்டால் வகுத்து, பின்னத்தைத் தள்ளினால் குறைவெண் கிடைக்கும். மூன்று கணினிகள் இருந்தால் குறைவெண் 2. ஒன்று விழுந்தாலும் மற்ற இரண்டும் பணியைத் தொடரலாம். இரண்டு கணினிகள் மட்டும் இருந்தாலும் குறைவெண் 2தான். ஒன்று விழுந்தால் மற்றொன்று நலமாக இருந்தும் செயலை நிறுத்திக் காத்திருக்கும். தன்னோடு பேசாத கணினி இறந்துவிட்டதா, அன்றி இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்துவிட்டதா என்பதை அது அறியாது. கம்பி மட்டும் அறுந்திருந்தால் இரண்டும் தனித்தனியே அதே படுக்கையை விற்கக்கூடும். தவறாக ஓடுவதைவிட நிற்பது மேல் என்பதே அந்த விதியின் உட்கருத்து. இரண்டு கணினிகள் உள்ள இடத்தில், வாக்களிக்கும் உரிமையுள்ள ஒரு வட்டை மூன்றாமவராக வைத்து இச்சிக்கலைத் தீர்ப்பார்கள். இருவர் வழக்கில் மூன்றாமவர் சொல் வேண்டும் என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் தெரிந்ததே.

இந்த அமைப்பு பழுதுக்காக எழுந்தது. ஆனால் வரலாற்றில் அதன் பெரும்பயன் மாற்றத்துக்கே கிடைத்தது. கொத்தணியில் ஒரு கணினியை விரும்பியே வெளியில் எடுத்து, புதிய மென்பொருள் இட்டு, மீண்டும் சேர்க்கலாம். பின்னர் அடுத்ததை எடுக்கலாம். சேவை நிற்காது. மெகா பிளாக்கில் மெதுவண்டித் தடத்தை மூடி விரைவுத் தடத்தில் ஓட்டுவதும் இதுவே. இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு: பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே கொத்தணியில் சில காலம் சேர்ந்து வாழவேண்டும், ஒன்றின் பூட்டை மற்றது மதிக்கவேண்டும்.

டிஜிட்டல் நிறுவனம் 1992இல் வாக்ஸுக்கு மாற்றாக முற்றிலும் வேறான கட்டமைப்புடைய ஆல்ஃபாவைக் கொண்டுவந்தபோது, வாக்ஸும் ஆல்ஃபாவும் ஒரே கொத்தணியில் அமர இடமளித்தது. 1998இல் அந்நிறுவனத்தைக் காம்பேக் வாங்கியது; 2002இல் காம்பேக்கை எச்.பி. வாங்கியது. 2005இல் ஓபன்விஎம்எஸ் இட்டானியத்துக்கு வந்தபோது ஆல்ஃபாவும் இட்டானியமும் சேர்ந்து இயங்க முடிந்தது. ஆனால் வாக்ஸையும் இட்டானியத்தையும் நேரடியாக இணைத்து அன்றாடப் பணிக்குப் பயன்படுத்த ஆதரவு வழங்கப்படவில்லை. பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே தாய் இருந்தே ஆகவேண்டும். ஒரு தலைமுறை மாற்றத்தைத் தவறவிட்டவர்கள் அடுத்ததற்குத் தாவ முடியாமல் நின்றதற்கு இது ஒரு காரணம்.

4

மொழியியல் மாணவன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி வேறு. விஎம்எஸ் இயக்குதளத்தின் பெரும்பகுதி வாக்ஸ் இயந்திரத்தின் சொந்த மொழியாகிய மாக்ரோ-32இல் எழுதப்பட்டிருந்தது. இயந்திரமொழி என்பது அந்த இயந்திரத்துக்கே உரியது. இயந்திரம் போனால் மொழியும் போகவேண்டும். ஆல்ஃபாவுக்கு மாறியபோது பொறியாளர்கள் அதனைக் கைவிடவில்லை. அதை ஓர் உயர்நிலை மொழிபோலக் கருதி, ஆல்ஃபாவின் மொழிக்குப் பெயர்க்கும் தொகுப்பியைச் செய்தார்கள். இட்டானியத்துக்கும் அவ்வாறே செய்தார்கள். அந்த மொழியை இயல்பாகப் பேசும் இயந்திரங்கள் அருங்காட்சியகத்துக்குப் போன பின்னும், அதில் எழுதப்பட்டவை புதிய இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருந்தன. பேச்சில் மறைந்து, எழுத்தில் தங்கி, உரையாசிரியர்களால் தலைமுறைதோறும் புரியவைக்கப்படும் செவ்விலக்கிய மொழியின் நிலை இது.

இன்னொரு கருவியும் இருந்தது. மூலநிரல் தொலைந்துபோய் இயங்கும் கோப்பு மட்டும் எஞ்சியவர்களுக்காக, வாக்ஸ் கட்டளைகளை நேரடியாக ஆல்ஃபா கட்டளைகளாக மாற்றித்தரும் வெஸ்ட் என்ற பெயர்ப்பி அது. ஆசிரியரும் மறைந்து, கையெழுத்துப்படியும் அழிந்து, படியின் படி மட்டும் கிடைத்தால் அதையும் காப்பாற்று என்று எவரோ முன்கூட்டியே எண்ணியிருக்கிறார். என் கோப்புகளின் எழுத்துருவைப் பற்றி அப்படி எண்ணியவர் எவரும் இல்லை.

5

இரட்டையாக வாங்கிவைத்தால் இடையறாமை தானாக வரும் என்ற எண்ணத்தை மும்பையின் இன்னொரு நிகழ்வு கலைக்கிறது. 2021 பிப்ரவரி 24 முற்பகல் 11.40 மணிக்குத் தேசியப் பங்குச்சந்தையில் வணிகம் நின்றது. பிற்பகல் 3.45க்குத்தான் மீண்டது, அன்று மாலை 5 மணி வரை சந்தை நீட்டிக்கப்பட்டது. பாந்திரா–குர்லா வளாகத்தில் தலைமையகம் கொண்ட அந்தச் சந்தைக்குப் பேரிடர் மீட்பு மையம் சென்னையில் உண்டு. ஆனால் அன்று பணி அங்கே மாற்றப்படவில்லை. தொலைத்தொடர்பு இணைப்புகளின் பழுது சேமிப்பக வலையமைப்பைப் பாதித்ததாகச் சந்தை விளக்கியது. அடுத்த மாதமே செபி விதியை இறுக்கியது: நிகழ்வு நேர்ந்து 30 நிமிடத்துக்குள் பேரிடர் என அறிவிக்கவேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்தில் பணி தொடங்கவேண்டும்.

அதன் விளைவாக 2024 மார்ச் 2ஆம் நாள், ஒரு சனிக்கிழமை, சந்தை சிறப்பு அமர்வாகத் திறக்கப்பட்டது. முதல் அமர்வு முதன்மை மையத்திலிருந்தும் இரண்டாம் அமர்வு மாற்று மையத்திலிருந்தும் நடந்தன. விழுவதற்கு முன்பே விழுந்து பார்த்துக்கொள்ளும் ஒத்திகை அது. மாற்று இயந்திரம் இருக்கிறது என்பதற்கும், அதற்கு மாறத் தெரியும் என்பதற்கும் உள்ள தொலைவை அந்தச் சனிக்கிழமை அளந்து காட்டியது. எங்கள் வழங்கியின் இரண்டாவது இயந்திரமும் வாங்கிய நாள் முதல் ஒருமுறையேனும் தனியே இயக்கிப் பார்க்கப்படவில்லை.

6

இவற்றைத் தொகுத்தால் ஒரு கருத்துக் கிடைக்கிறது. நிற்காத அமைப்பு என்று நாம் சொல்வது, தேவையான இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்ட அமைப்பாகும். தடத்துக்கு ஞாயிறு இருக்கிறது. சந்தைக்குச் சனிக்கிழமை ஒத்திகை இருக்கிறது. இணையத்தில் சீட்டு வாங்குவோர் அறிவார்கள்: இரவு 11.45 முதல் 12.20 வரை ரயில் முன்பதிவு நாள்தோறும் உறங்குகிறது. அந்த 35 நிமிடங்களை எரிச்சலோடு பார்த்துவந்த நான், இப்போது மதிப்போடு பார்க்கிறேன். நாள் மாறும் பொழுதில் கணக்கு முடித்துப் பராமரிக்கும் அந்தச் சிறு இடைவெளியின் மேல்தான் மீதி நேரத்தின் இடையறாமை நிற்கிறது.

மாற்றங்களை வெற்றி என்றும் தோல்வி என்றும் பிரிப்பது புதிய இயந்திரத்தின் ஆற்றல் மட்டும் அன்று. பழையதும் புதியதும் ஒன்றையொன்று புரிந்துகொண்டு சேர்ந்து வாழ்ந்த காலத்தின் நீளமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. எங்கள் துறையின் மாற்றத்தில் அந்தக் காலம் ஓர் இரவு. இருவர் சேர்ந்திருந்தால் பழையவரிடம் கேட்டிருக்கலாம். கேட்க ஆள் இல்லாமல் செய்துவிட்டோம்.

இதனை இப்போது சொல்ல ஒரு காரணம் உண்டு. நம் முன்பதிவு அமைப்பு மீண்டும் ஒரு பெரிய மாற்றத்தின் வாயிலுக்கு வந்திருக்கிறது. இன்றைய அமைப்பு 2010இல் நிறுவப்பட்டது என்றும், இட்டானியம் வழங்கிகளிலும் ஓபன்விஎம்எஸ்ஸிலும் இயங்குவது என்றும், மேகக் கணிமைக்கு ஏற்ற அமைப்பாக அது மாற்றப்படவேண்டும் என்றும் 2025இல் நாடாளுமன்றத்தில் ரயில்வே அமைச்சர் தெரிவித்தார். பணி கிரிஸ் வசம் உள்ளது. நிமிடத்துக்கு 32,000 சீட்டுகள் என்ற திறனை ஒன்றரை இலட்சத்துக்கு மேல் உயர்த்துவது நோக்கம் என்று அவ்வாண்டு ஜூன் இறுதியில் அறிவிக்கப்பட்டது. மாற்றம் தேவை என்பதில் ஐயமில்லை. இன்டெல் 2021 ஜூலையுடன் இட்டானியம் அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஓபன்விஎம்எஸ்ஸை 2014 முதல் வேறொரு நிறுவனம் காத்துவருகிறது. 2022இல் அது பொதுவான எக்ஸ்86 இயந்திரங்களுக்கும் வந்துவிட்டது. அவ்வழியில் செல்லாமல் புதிய கட்டமைப்புக்குச் செல்லும்போது, நாற்பதாண்டு வழக்கின் பல நுட்பங்களைப் புதிய மொழியில் மறுபடியும் சொல்லவேண்டிவரும். நிலையத்துக்கு நிலையம் வேறுபடும் ஒதுக்கீடு, காத்திருப்போர் பட்டியல் நகரும் ஒழுங்கு, மூத்தோர்க்குக் கீழ்ப்படுக்கை தரும் விதி என்று அவை ஏராளம்.

ஆய்வாளர்களாகிய நமக்கு இதில் பணி இருக்கிறது. இந்திய ரயில்வேயின் நீராவி எஞ்சின்களுக்கு அருங்காட்சியகம் உண்டு. ஆனால் 1980களின் முன்பதிவுத் திரைகள், சாளர எழுத்தர்கள் பயன்படுத்திய கட்டளைச் சுருக்கங்கள், பயிற்சிக் கையேடுகள், இரவுப்பணிக் குறிப்பேடுகள் ஆகியவற்றைத் திரட்ட வேண்டும் என்ற எண்ணமே நம்மிடையே பரவவில்லை. சாளரத்தில் அமர்ந்து பதிவேட்டிலிருந்து திரைக்கும், ஒரு திரையிலிருந்து மறு திரைக்கும் மாறியவர்களே இந்த வரலாற்றின் இருமொழியாளர்கள். அவர்களுள் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அவர்களுள் தமிழர் சிலரை நானே அறிவேன். தொடக்க விழாவின் தேதியை அரசாணை சொல்லும். இரண்டு அமைப்புகளும் ஒன்றாக ஓடிய மாதங்களில் என்ன நடந்தது என்பதை இவர்கள்தாம் சொல்லமுடியும்.

கோப்புகள் என்னவாயின என்று கேட்பீர்கள். முன்னோடி ஆய்வாளரின் வீட்டுப் பரணில் ஒரே ஒரு பக்கத்தின் அச்சுப்படி கிடைத்தது. தாராவி மூதாட்டி ஒருவர் தம் பேரனுக்குச் சொன்ன வெண்டைக்காய்க் குழம்பின் செய்முறை அது. அந்தப் பக்கத்தையும் திரையிலிருந்த குறிகளையும் அருகருகே வைத்து, எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டேன். பழைய எழுத்துருவில் கொம்பு, மெய்க்கு முன்னே சேமிக்கப்பட்டிருந்தது. யூனிக்கோட்டில் அது பின்னே வரவேண்டும். அந்த முறைமாற்றத்தைக் கண்டறியவே ஒரு வாரம் ஆயிற்று. இப்போது கோப்புகள் ஏறத்தாழ முழுவதும் படிக்கக் கிடைக்கின்றன. இரண்டும் சேர்ந்து வாழும் காலத்தை ஒரு தாளின் துணையால் பிற்பாடு உண்டாக்க வேண்டியிருந்தது. அந்தத் தாள் கிடைத்தது நல்லூழ். நல்லூழை நம்பி ஓர் ஆவணக்காப்பகம் நடத்த முடியாது.

முன்பதிவு அலுவலகங்களில் பணியாற்றியோர், அவர்தம் மக்கள், 1985 முதல் 1999 வரையிலான சீட்டுகளையோ படிவங்களையோ கையேடுகளையோ வைத்திருப்போர் இங்கு எழுதுங்கள். நேரில் வந்து ஒலிப்பதிவு செய்ய ஆயத்தமாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டும் சற்றுத் தாமதமாக வருவேன்.